உருண்டையா, குத்துவிளக்கா? டிஜிட்டல் ஓவியத்தில் பொருள்களை வரையப் பழக ஐந்து வழிகள்

அக்கா மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவள், கை கழுவிய ஈரம் காய்வதற்குள் ஐபேடை என் பக்கம் நீட்டினாள். ஒரு பெண் குத்துவிளக்கு ஏற்றுகிற படம். கோடுகளில் குறை சொல்ல இடமே இல்லை. விரல்கள் திரியைத் தொடுகிற பாங்கு, குனிந்த கழுத்து எல்லாம் சரியாக வந்திருந்தன. ஆனால் விளக்கு, புடவை, தலையில் இருக்கும் பூ, கன்னம் நான்கையும் ஒரே சோப்புக் கட்டியில் செதுக்கியது போல இருந்தது.

"சித்தி, எனக்கு ரெண்டரிங் வரவே மாட்டேங்குது. கிளாஸுக்குப் பணம் கட்டவா? இல்ல எல்லாரும் வரையறாங்களே, அந்த உருண்டைங்க, அத வரைஞ்சு பழகவா? ஃபோட்டோ பாத்து வரைன்னு ஒருத்தி சொல்றா. பிளெண்டர்னு முப்பரிமாண சாஃப்ட்வேர் இருக்காம், அத கத்துக்கோன்னு இன்னொருத்தி சொல்றா."

பகலில் அலுவலகம், இரவில் படம் என்று ஓட்டுகிறவள் நான். அவள் சொன்ன வழிகளில் எல்லாம் நேரத்தை விட்டிருக்கிறேன், ஒன்றில் பணத்தையும் விட்டிருக்கிறேன். அவளிடம் அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் கிடைத்தாலே பெரிது என்று இருப்பவர்களுக்கான கணக்கு இது. நாள் முழுக்க வரைய முடிந்தவர்கள் எல்லா வழியையும் முயன்று பார்க்கலாம்.

முதலில் அவள் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டச் சொன்னேன். ரெண்டரிங் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு வடிவம் திரளாகத் தெரிவது ஒன்று: எந்தப் பக்கம் வெளிச்சம், எங்கே வளைந்து நிழலுக்குள் போகிறது, தரையில் விழும் நிழல் எது, இடுக்கில் இருக்கும் இருட்டு எது. அந்த வடிவம் எதனால் ஆனது என்று தெரிவது இன்னொன்று. கருப்பு வெள்ளையில் அவளுடைய கன்னமும் கையும் நன்றாகவே திரண்டு நின்றன. ஒரே ஒரு இடத்தில், தாடைக்கு அடியில், புடவையிலிருந்து தெறித்து வரும் வெளிச்சத்தைக் கன்னத்தின் வெளிச்சப் பக்கத்தைவிடப் பளிச்சென்று போட்டிருந்தாள். இது எல்லோரும் செய்கிற தவறுதான். நிழலுக்குள் வரும் தெறிப்பொளி எவ்வளவு அழகாக இருந்தாலும் நிழலின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெளிச்சப் பக்கத்தோடு அது போட்டிக்குப் போனால் உருவம் உடைந்துவிடும்.

ஆக, அவளுக்கு உருவம் வருகிறது, எதனால் ஆனது என்கிற பொருள்தான் வரவில்லை. உங்களுக்கு எது வரவில்லை என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உருவமே வரவில்லை என்றால் கீழே வருவதில் பாதி உங்களுக்கு இப்போது வேண்டாம். ஒரு முட்டையும் ஒரு மேசை விளக்கும் ஒரு மாதத்துக்குப் போதும்.

இனி அந்த உருண்டைகள். ஒரே வட்டத்தை வரிசையாக வரைந்து ஒன்றைக் கண்ணாடியாக, ஒன்றை மரமாக, ஒன்றைத் தங்கமாக, ஒன்றைப் பாசி படிந்த கல்லாக மாற்றும் பயிற்சி. இதைக் கேலி செய்பவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன். வடிவம் மாறாமல் இருப்பதால் மாறுவது பொருள் ஒன்றுதான் என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். ஒரு மணி நேரத்தில் ஒன்று முடிந்துவிடும். இரண்டு அடிப்படைக் கேள்விகளை இதைவிடச் சுலபமாக வேறெதுவும் கற்றுத்தராது: இது உலோகமா, இல்லையா? மேற்பரப்பு வழவழப்பா, சொரசொரப்பா?

முதல் கேள்வி சிறியதாகத் தெரியும், ஆனால் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக், பீங்கான், தோல், மரம் போன்றவை தம்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தை மட்டும் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகின்றன. மிச்சம் உள்ளே போய், பொருளின் நிறத்தை வாங்கிக்கொண்டு வெளியே பரவுகிறது. அதனால் மஞ்சள் பிளாஸ்டிக் வாளியின் மினுக்கம் மஞ்சளாக இருக்காது, விளக்கின் நிறத்தில் வெள்ளையாக இருக்கும். உலோகத்துக்கு அந்த உள்நிறமே கிடையாது. அதன் நிறம் முழுக்கப் பிரதிபலிப்பில்தான் இருக்கிறது. பித்தளையின் மினுக்கம் மஞ்சள் சாயத்தோடு வரும், பித்தளையில் தெரியும் கருப்பு நாற்காலியும் இருண்ட செம்பழுப்பாகத் தெரியும். அவளுடைய விளக்கு மஞ்சள் பிளாஸ்டிக் மாதிரி இருந்ததற்குக் காரணம் இதுதான். மஞ்சளைப் பூசி அதன்மேல் வெள்ளைப் புள்ளி வைத்திருந்தாள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விதியைப் பார்க்க எங்கும் போக வேண்டாம். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் நீளமான தாழ்வாரத்தில் நின்று தரையைப் பாருங்கள். காலடியில் ஓட்டின் நிறம் தெரியும். கோடியில் அதே ஓட்டில் வானம் தெரியும். பார்வை சாய்வாகப் போகப்போக எந்தப் பரப்பும் கண்ணாடியாக மாறும். உருண்டையின் விளிம்பில் பிரதிபலிப்பு கூடுவதற்கும் இதே காரணம்தான்.

அப்படியென்றால் உருண்டைகளின் குறை என்ன? நானே நாற்பது வரைந்தேன். நாற்பதாவது அழகாகவே வந்தது. அதன்பிறகு ஒரு தீபாவளி வாழ்த்துக்குக் குத்துவிளக்கு வரைய உட்கார்ந்தால் கை ஓடவில்லை. உருண்டையில் மினுக்கம் எப்போதும் மேலே, விளக்கைப் பார்த்த பக்கத்தில் இருக்கும். நான் விளக்குத் தண்டின் ஒவ்வொரு வளைவிலும் அதே இடத்தில் மினுக்கத்தை வைத்துக்கொண்டே போனேன். படம் பாசிமணி கோத்த மாதிரி ஆகிவிட்டது.

உண்மையான விளக்கைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. தண்டில் குமிழ் போல் புடைத்த இடத்தில் கூரை விளக்கின் மினுக்கம் அதன் மேல்பாதியில் இருக்கிறது. அடுத்து இடுப்பு போல் உள்வாங்கிய இடத்தில் அதே விளக்கின் மினுக்கம் கீழ்ப்பாதிக்கு வந்துவிடுகிறது, ஏனென்றால் உள்வளைவில் மேல்நோக்கிப் பார்க்கும் பரப்பு கீழேதான் இருக்கிறது. புடைப்பு, உள்வாங்கல், புடைப்பு என்று மாறி வரும்போது மினுக்கமும் மேல், கீழ், மேல் என்று தாவுகிறது. பித்தளையைப் பித்தளையாகக் காட்டுவது அந்தத் தாவல்தான். உருண்டைக்கு இடுப்பு கிடையாது. அதனால் நாற்பது வரைந்தும் இது எனக்குத் தெரியவில்லை. அதிலும் நான் செய்தது பிறர் வரைந்த உருண்டைகளைப் பார்த்து வரைவது. அவர் கண்டதன் நிழலைத்தான் நான் நகலெடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் காரணத்தால்தான் என் ஓட்டு மூன்றாவது வழிக்கு, அதாவது வீட்டில் இருக்கும் பொருளை மேசைமேல் வைத்து அதைப் பார்த்து வரைவதற்கு. அதற்குமுன் ஃபோட்டோவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஃபோட்டோ அசையாது, வெளிச்சம் மாறாது, ரயிலில் நின்றுகொண்டுகூட வரையலாம். மழையில் நனைந்த சாலை, யானையின் தோல் போன்ற, வீட்டு மேசைக்கு வராதவற்றுக்கு அதுதான் கதி. ஆனால் இப்போதைய கைபேசிகள் பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குகின்றன. இருட்டைத் தூக்கிவிடுகின்றன, மினுக்கத்தை அமுக்கிவிடுகின்றன. விளக்கின் கருமையும் வெண்மையும் அருகருகே மோதுவதுதான் உலோகம். அந்த மோதலைக் கைபேசி சமாதானம் செய்து வைத்துவிடுகிறது. அடுத்த ஆபத்து ஐட்ராப்பர். நிறத்தைத் தொட்டு எடுத்து வைத்தால் படம் சரியாக வரும், தலைக்குள் எதுவும் ஏறாது. ஃபோட்டோவிலிருந்துதான் பழகுவேன் என்றால் முதலில் நிறத்தை ஊகித்துப் பூசுங்கள், அதன்பிறகு ஐட்ராப்பரால் சரிபாருங்கள். எவ்வளவு பிசகினீர்கள் என்பதுதான் அன்றைய பாடம்.

நேரில் பார்த்து வரைவதற்கு வருகிறேன். இதில் சிங்கப்பூருக்கென்று ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. வசதி என்னவென்றால், பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே இருப்பதால் இங்கே வருடம் முழுக்க ஏறக்குறைய ஏழு மணிக்கு விடியும், ஏழு மணிக்கு இருட்டும். சனிக்கிழமை காலை எட்டரைக்கு சன்னலோரம் வைத்த பொருளுக்கு அடுத்த சனிக்கிழமையும் ஏறக்குறைய அதே வெளிச்சம் கிடைக்கும், மேகம் மனது வைத்தால். தொல்லை: நேர் வெயில் படாது என்று ஐரோப்பிய ஓவியர்கள் புகழும் வடக்குச் சன்னல் இங்கே பாதி வருடம்தான் பேச்சுக் கேட்கும். ஜூனில் சூரியன் வடக்கே வந்து அந்தச் சன்னலுக்குள்ளேயே எட்டிப் பார்க்கும், டிசம்பரில் தெற்குச் சன்னலுக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் இன்னொன்றும் உண்டு. எதிர் புளோக்குக்குப் போன வருடம் பீச் நிறச் சாயம் அடித்தார்கள். அன்றிலிருந்து என் எவர்சில்வர் தம்ளர்களின் ஒரு பக்கம் எப்போதும் பீச் நிறம்தான்.

வேலைக்குப் போகிறவர்களுக்குப் பகல் வெளிச்சம் கைக்கு எட்டாது. இரவில் கூரையின் நீளக் குழல் விளக்கை அணைத்துவிடுங்கள். அது எல்லாப் பக்கமும் வெளிச்சத்தை மெழுகிவிடும். காலணிப் பெட்டி ஒன்றை ஒரு பக்கம் திறந்து நிறுத்தி, உள்ளே கருப்புத் தாள் ஒட்டி, பக்கவாட்டில் ஒரே ஒரு மேசை விளக்கு வையுங்கள். மொத்தச் செலவு ஒரு வேளை சாப்பாட்டுக் காசு.

என்னென்ன வைப்பது? நம் வீடுகளில் இருப்பது வேறு எந்தப் பயிற்சித் தொகுப்பிலும் கிடைக்காது. பித்தளை விளக்கும் எவர்சில்வர் தம்ளரும் உலோகத்துக்கு. ஒளி ஊடுருவும் பொருளுக்கு லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கும் மல்லிகைச் சரம். மல்லிகை வெள்ளை என்று நினைத்துக்கொண்டு சாம்பல் நிழல் போட்டால் பஞ்சு ஆகிவிடும். இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று மடியும் இடத்தில் ஒளி உள்ளே புகுந்து சுற்றிவிட்டு இளம் மஞ்சளும் பச்சையும் கலந்து வெளியே வருவதைப் பார்க்கலாம். நிழல் பக்கத்தைவிட ஒளி ஊடுருவும் பக்கம்தான் பூவுக்கு உயிர். உணவங்காடியில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் கோப்பி-ஓவும், அதாவது பாலில்லாத காப்பியும், இதே வகைதான். பையின் நடுவில் கிட்டத்தட்ட கருப்பு, மெலிந்த மூலையில் செம்பழுப்பு, அதன்மேல் பிளாஸ்டிக் சுருக்கங்களின் கூரான வெள்ளைக் கீறல்கள். ஐஸ் போட்டது என்றால் இருபது நிமிடத்தில் பை முழுக்க வியர்த்துவிடும். அதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் கையும் வேகம் பிடிக்கும்.

துணிக்குப் பட்டுப்புடவையும் பருத்தி வேட்டியும் பக்கத்துப் பக்கத்தில். பருத்தியில் வெளிச்சம் மெதுவாகப் பரவி மெதுவாக மங்கும். பட்டில் மடிப்பின் முகட்டை ஒட்டிக் கோடாக ஓடும். பாவும் ஊடும் வெவ்வேறு நிறமாக நெய்த பட்டு என்றால் ஒரே மடிப்பின் ஒரு பக்கம் மயில் நீலமும் மறுபக்கம் ஊதாவுமாகத் தெரியும். அம்மாவின் புடவையை எடுப்பதற்குமுன் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டைலஸ் கறை வைக்காது, பக்கத்தில் வைக்கிற கோப்பி வைக்கும்.

தோலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான காணொளிகள் வெளிர் தோலை வைத்துக்கொண்டுதான் பாடம் எடுக்கின்றன. நம் நிறத்துக்கு அதை அப்படியே போட்டால் முகம் சாம்பல் பூசியது போல ஆகும். மேற்பரப்பு மினுக்கம் வெளிர் தோலிலும் கருந்தோலிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் அடியில் இருக்கும் நிறம் இருண்டு இருப்பதால் அந்த மினுக்கம் நம் முகத்தில் பளிச்சென்று எடுத்துத் தெரியும், சன்னல் வழியே வரும் வானத்தின் நீலத்தைக்கூடக் காட்டும். வெளிச்சம் நிழலாகத் திரும்பும் இடத்தில் சாம்பலைத் தேடாதீர்கள். அங்கே சிவப்பும் செம்பழுப்பும் இருக்கும். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து 2021இல் மறைந்த ஓவியர் எஸ். இளையராஜாவின் பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர் தீட்டியது எண்ணெய் வண்ணம், டிஜிட்டல் இல்லை. ஆனாலும் மாநிறத்தில் சன்னல் வெளிச்சம் எப்படி உட்காரும் என்பதற்கு அவர் படங்களைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. என் முகத்துக்கு ஒரு கண்ணாடி போதும், மாடலுக்குச் சம்பளம் தர வேண்டாம்.

வீட்டில் இல்லாதவற்றுக்கு வெளியே போகலாம். சிராங்கூன் சாலை நகைக்கடைகளின் சன்னல்முன் ஐந்து நிமிடம் நின்றால் போதும். ஒரே பெரிய விளக்கு வைக்காமல் குட்டிக் குட்டியாக ஏன் இத்தனை விளக்குகள் என்று யோசியுங்கள். ஒவ்வொரு விளக்கும் ஆரத்தின் ஒவ்வொரு முகப்பிலும் ஒரு புள்ளி. விளக்கு எண்ணிக்கை குறைந்தால் தங்கம் மங்கும். கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்தில் நகைகளையும் துணிகளையும் மர வேலைப்பாட்டையும் நெருங்கிப் பார்க்கலாம். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம். சின்னக் குறிப்பேடும் பென்சிலும் போதும், மினுக்கம் எங்கே இருக்கிறது என்று அம்புக்குறி போட்டு எழுதிக்கொண்டு வந்தால் வீட்டில் வரைய அதுவே பாதி வேலை.

நேரில் வரைவதன் குறையை மறைக்கப் போவதில்லை. மெதுவான வழி. முதல் ஒரு மாதத்துக்குப் படங்கள் அசிங்கமாகத்தான் வரும், யாருக்கும் காட்ட மனது வராது. உருண்டை வரைந்தவள் அதற்குள் பன்னிரண்டு அழகான உருண்டைகளைப் பதிவேற்றி விருப்பக்குறிகளை வாங்கியிருப்பாள்.

பிளெண்டர் இலவசம், அதில் உலோகம், சொரசொரப்பு இரண்டுக்கும் தனித்தனி நகர்த்திகள் உண்டு. சொரசொரப்பைப் பூஜ்யத்திலிருந்து ஒன்றுவரை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். கூரான மினுக்கம் விரிந்து, மங்கி, கடைசியில் பரப்பு முழுக்கக் கரைந்துபோகும். மினுக்கம் விரிய விரிய மங்கும், ஏனென்றால் அதே ஒளி அதிக இடத்துக்குப் பங்கு போடப்படுகிறது. இதைப் பத்தே நிமிடத்தில் கண்ணால் பார்ப்பதற்காக மட்டும் பிளெண்டரை இறக்கிக்கொள்ளலாம். அதற்குமேல் போனால் மாதக்கணக்கில் பிளெண்டர் கற்பீர்கள், ஓவியம் காத்திருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. விளக்கின் பக்கவாட்டுக் கோட்டை மட்டும் வரைந்து அதைச் சுழற்றி முழு விளக்காக்குவது எப்படி என்று கற்றுக்கொண்டேன், மிகப் பெருமையாக இருந்தது, அந்த மாதம் ஒரு படம்கூட வரையவில்லை.

பணம் கட்டும் வகுப்பு. நான் பணம் விட்டது இதில்தான். முப்பது மணி நேரத்துக்கும் மேலான காணொளிகள் கொண்ட ஒரு பதிவு வகுப்பை வாங்கி, ஆறு மணி நேரம் பார்த்தேன். சொல்லிக்கொடுத்தவர் கெட்டிக்காரர், குறை என்னுடையது. ஆனால் அந்த ஆறு மணி நேரத்தில் கேட்டது எல்லாம் இலவசமாகவும் கிடைப்பவைதான். காசு கொடுக்கத் தகுந்தது ஒன்றே ஒன்று, உங்கள் படத்தை ஒருவர் எடுத்து இங்கே தவறு என்று கோடு போட்டுக் காட்டுவது. அது இல்லாத வகுப்புக்குச் சில நூறு வெள்ளி கொடுக்க வேண்டாம். 25 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு, திறன் வளர்க்க அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் தொடக்கமாக 500 வெள்ளி கிடைக்கும். தகுதி பெற்ற வகுப்புதானா என்று பார்த்துவிட்டு அதைப் பயன்படுத்தலாம். அக்கா மகளுக்கு அந்த வயது வர இன்னும் ஆறு வருடம். "அதுவரைக்கும் உங்க கணக்குல கட்ட முடியாதா சித்தி?" என்றாள். முடியாது.

மென்பொருள் சண்டைக்கு ஒரு பத்திக்குமேல் தரமாட்டேன். ஐபேட் இருந்தால் புரோகிரியேட், ஒரே முறை காசு. கணினி இருந்தால் கிரிட்டா, காசே இல்லை. இரண்டிலும் கெட்டியான வட்டப் பிரஷ் ஒன்று இருக்கிறது, அதற்குமேல் மூன்று மாதத்துக்கு எதுவும் வேண்டாம். புகை மாதிரி விளிம்பு மங்கும் மென்பிரஷைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஓரத்திலிருந்து அதைத் தேய்த்துக்கொண்டே வந்தால் எல்லாப் பொருளும் தலையணை ஆகிவிடும். அவளுடைய சோப்புக் கட்டிக்கும் பாதிக் காரணம் அந்தப் பிரஷ்தான்.

கடைசியாக, முதலில் கருப்பு வெள்ளையா, நேரடியாக நிறமா? உருவம் பழக கருப்பு வெள்ளை. பொருள் பழக நிறம். கருப்பு வெள்ளையில் முழுப்படத்தையும் முடித்துவிட்டு அதன்மேல் ஒரு கலர் லேயரை, அதாவது நிற அடுக்கை, போர்த்துவது பலருக்குச் சுலபமாகத் தெரிகிறது. ஆனால் பித்தளையின் இருட்டுச் செம்பழுப்பும், மல்லிகையின் உள் மஞ்சளும், கன்னம் திரும்பும் இடத்துச் சிவப்பும் ஒரே நிறத்தைப் போர்த்துவதால் வருபவை இல்லை. அந்த நிறமாற்றங்கள்தான் பொருள். அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பொருளைப் பழகுவது நீச்சலைத் தரையில் பழகுவது மாதிரி.

அவளுக்கு நான் போட்டுக் கொடுத்த திட்டம் இவ்வளவுதான். முதல் வாரம் நான்கே உருண்டை: மங்கிய பிளாஸ்டிக், பளபளப் பிளாஸ்டிக், மங்கிய உலோகம், பளபள உலோகம். பிளெண்டரில் ஒரு மாலை நகர்த்திகளை நகர்த்திப் பார்ப்பது, அதோடு அதை மூடிவிடுவது. பிறகு பத்து வாரம், வாரம் ஒரு பொருள், நேரில், நிறத்தில். ஃபோட்டோ எடுத்து வைக்கலாம், சந்தேகம் வந்தால் திறக்க, பார்த்து வரைய வேண்டாம். பத்து வாரம் கழித்து, அந்தப் பத்துப் படங்களோடு, திருத்திக் காட்டும் ஆசிரியர் யாராவது கிடைத்தால் பணம் கட்டலாம். அவளுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. "உருண்டைதான் சித்தி போர்ட்ஃபோலியோல பாக்க அழகா இருக்கும்" என்றாள். அதுவும் பொய் இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் அவசரம் இருந்தால் என் திட்டத்தைத் தூக்கிப் போடலாம்.

இரண்டாம் வாரத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது அக்கா வீட்டுக் குத்துவிளக்கு. நாலு மாதமாகத் தேய்க்காத விளக்கு, மங்கி, ஓரத்தில் பச்சை படர்ந்து, மினுக்கம் எல்லாம் பரவிக் கிடந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று இரவு உட்கார்ந்து தண்டு முழுக்க முடித்திருந்தாள். இடுப்பில் மினுக்கம் கீழே இறங்கியிருந்தது. வியாழக்கிழமை இரவு பத்தரைக்குக் கைபேசி ஒலித்தது.

"சித்தி, அம்மா விளக்கைப் புளி போட்டுத் தேச்சு வச்சிட்டாங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமையாம். இப்ப அதுல என் மூஞ்சி தெரியுது. நான் வரைஞ்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அத அழிச்சிடாத. பக்கத்துலயே புது லேயர் தொற," என்றேன்.